முழங்காலுக்கு ஒரு குட்டித் தலையணை

பிள்ளைகள் எப்போது வளர்கிறார்கள் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னர் நான்காம் துளையில் இருந்த ஸ்குரூவைக் கழற்றி ஐந்தாம் துளையில் போடும்போது, பிள்ளை வளர்ந்த அளவு என் இரண்டு விரல்களுக்கு நடுவே இருக்கும். சிலர் பள்ளி விடுமுறையில் வளர்கிறார்கள். சிலர் காய்ச்சல் விட்ட கையோடு வளர்கிறார்கள். ஒரு பையன் நோன்பு மாதம் முடிந்து வந்தபோது ஒன்றரைத் துளை வளர்ந்திருந்தான். அரைத் துளை என்று ஒன்று கிடையாது. பட்டறை அண்ணன் டிரில்லை எடுத்துப் புதிதாக ஒரு துளை போட வேண்டியதாயிற்று.

"இவனுக்கு நோன்புக் கஞ்சியில என்னத்தப் போட்டீங்க?" என்று அவர் அந்தத் தாயிடம் கேட்டார். அந்தத் தாய் உண்மையாகவே யோசித்து, "முருங்கையிலை கொஞ்சம் கூடப் போட்டன்" என்றார்.

நான் வேலை செய்யும் பட்டறை புத்தளத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, வாசலில் ஒரு வேப்பமரம். பலம் குறைந்த கால்களுக்குப் போடும் தாங்கிகளை அங்கே செய்கிறோம். கலிப்பர் என்று சொல்வோம். காலின் இரண்டு பக்கமும் நீட்டிக் குறைக்கத் துளை போட்ட அலுமினியச் சலாகை, கீழே சப்பாத்து, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் பட்டை, முழங்காலுக்கு முன்னால் ஒரு தோல் மூடி. முழங்காலுக்கு நேரே கதவுக்கு இருப்பதுபோல் ஒரு பிணைச்சல். எழுந்து நின்றதும் ஒரு வளையம் 'டிக்' என்று கீழே விழுந்து பிணைச்சலைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அதை மேலே தூக்கிவிட வேண்டும். உலோகம் எல்லாம் பட்டறை அண்ணனின் வேலை. அவர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர், ஆனால் தமிழில் பகிடி விட்டால் நாங்கள் தோற்றுவிடுவோம். தோலும் துணியும் தையலும் என்னுடையவை.

மன்னாரிலிருந்து வந்தபோது எனக்குப் பத்து வயது. சாதாரண தரம் வரை படித்தேன். பிறகு வீட்டில் இருந்து பள்ளிச் சீருடை தைத்தேன். என்னுடைய குறை, நான் ஆட்களோடு கதைக்கமாட்டேன். கூச்சம். "கை நீளம் எவ்வளவு வைக்க?" என்று ஒரு தாயிடம் கேட்பதற்கு முதல் மூன்று முறை எச்சில் விழுங்குவேன். கேட்காமலே தைத்த சட்டைகளும் உண்டு. தோல் தைக்கும் மெஷினுக்கு ஆள் தேவை என்று இந்தப் பட்டறையில் கூப்பிட்டபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். தோல் கதைக்காது. தோலோடு சேர்ந்து பிள்ளைகளும் வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தால் பட்டறை தலைகீழாகிவிடும். கலிப்பரைக் கழற்றி மேசையில் தட்டினால் முதலில் மணல் கொட்டும். பிறகு புளியங்கொட்டை, பென்சில் துண்டு, கச்சான் கோது, மீன் செதில். ஒரு தடவை பள்ளிவாசல்துறைப் பையன் ஒருவனின் கெண்டைப் பட்டைக்குள்ளிருந்து பொத்தான் அளவு நண்டுக்குஞ்சு ஒன்று இறங்கி, மேசையின் ஓரம் வரை ஓடி, அங்கே நின்று எங்களைப் பார்த்தது. "அது என்னோட பஸ்ஸில வந்தது" என்றான் அவன். திரும்பிப் போகும்போது அதையும் ஒரு யோகட் கோப்பைக்குள் போட்டுக் கொண்டுபோனான்.

வேலை முடிந்ததும் நடந்து பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் எப்போதும் ஒரு கழுதை படுத்திருக்கும். புத்தளத்தில் கழுதைகள் ஆட்களைப்போல வீதியில் திரிவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விறாந்தையிலிருந்து இறங்கி, கழுதையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதுதான் எங்களுடைய பரீட்சை. கழுதை எழும்பிப் போய்விட்டால் பரீட்சை நீளும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பிழை செய்தேன். சீருடை தைக்கிறவள் யாரும் பிள்ளையின் அளவுக்குத் தைக்கமாட்டாள். கீழே மூன்று விரல் மடிப்பு வைப்பாள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். அதே பழக்கத்தில், அண்ணன் சாப்பிடப் போன நேரம் ஒரு பையனின் கீழ்ச் சலாகையை ஒரு துளை கூட்டி வைத்துவிட்டேன். அடிக்கடி பஸ் ஏறி வரத் தேவையில்லை என்று நினைத்தேன். பிணைச்சல் அவனுடைய முழங்காலுக்கு ஒரு விரல் மேலே போய் நின்றது. கால் ஓரிடத்தில் மடங்கியது, கலிப்பர் இன்னோரிடத்தில் மடங்கியது. அவன் தண்ணீரில் மீன் தேடும் கொக்கைப்போல நடந்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை நடந்து காட்டினான். அண்ணன் ஒரு கிழமை சிரித்தார். வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்கட நங்கி காலுக்கு மடிப்பு வச்சுத் தைக்கிறா" என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு செய்த பெரிய பிழையை.

உச்சமுனையிலிருந்து ஒரு தாயும் ஒன்பது வயது மகளும் வருவார்கள். படகில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புத்தளம். மகளுக்கு வலது காலில் பிறந்ததிலிருந்தே பலம் இல்லை. நாக்கில் மட்டும் இரண்டு ஆளின் பலம். ஒருநாள் வந்து நின்றபோதே தெரிந்தது, பிணைச்சல் அவளுடைய முழங்காலுக்கு நன்றாகக் கீழே இருந்தது. இரண்டு துளை. ஒரே தடவையில்.

"நீ என்ன, தென்னம்பிள்ளையா?" என்றார் அண்ணன்.

"நான் சாப்பிடுறன். நீங்களும் சாப்பிட்டா வளருவீங்க" என்றாள் அவள். அண்ணன் கொஞ்சம் கட்டை.

தாய் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அடுத்த கிழமை ஞாயிறு இவளுக்கு முதல் நன்மை. எங்கட கோயில்ல அதைப் பெரிசாச் செய்யிறது. பதினொரு புள்ளைகள். முதன்முதலா நற்கருணை அப்பம் வாங்குற நாள், எல்லாரும் பீடத்துக்கு முன்னால முழங்கால்ல இருந்துதான் வாங்குவாங்க. ஃபாதர் சொல்றார், இவளுக்குக் கதிரை போடலாமாம், பரவாயில்லயாம்."

"கதிரை வேணாம்" என்றாள் மகள்.

அதுவரை பகிடியாக இருந்த குரல் இல்லை அது. தாய் தொடர்ந்தார். "இதைப் போட்டுக்கொண்டு இவளால முழங்கால்ல இருக்க ஏலுமா எண்டு கேக்கத்தான் வந்தன்."

"எனக்குக் கதிரை வேணாம்" என்றாள் மகள் மறுபடியும், என்னைப் பார்த்து. "எல்லா இடத்திலயும் கதிரைதான்."

நான் ஓம் என்று தலையாட்டினேன். எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். தங்கச்சி, நீங்கள் கோயிலில் எப்படி இருப்பீர்கள், ஒருக்கால் காட்டுங்கள் என்று ஒரு வசனம். மூன்று முறை எச்சில் விழுங்கினால் போதும். கேட்கவில்லை. தொழுகை தொழுகைதானே, முழங்கால் முழங்கால்தானே என்று நினைத்துக்கொண்டேன். கற்பிட்டி வீதியில் எத்தனையோ கோயில்களைத் தாண்டி எத்தனையோ வருடமாகப் போய் வருகிறேன்; உள்ளே யார் எப்படி இருக்கிறார்கள் என்று பஸ் யன்னலால் எட்டிப் பார்த்ததில்லை.

மண்ணிறத் தாளில் அவளுடைய காலை வைத்து வரைந்தேன். முழங்கால் வரும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். நான் பென்சிலைக் கீழே வைத்ததும் அவள் எடுத்து, அந்த வட்டத்துக்குக் கண்ணும் மூக்கும் சிரித்த வாயும் வைத்துவிட்டாள். பின்னேரம் காற்று எழும்பினால் படகுக்காரர் ஏற்றமாட்டார் என்று தாய் அவசரப்பட்டார். கலிப்பரை எங்களிடம் விட்டுவிட்டு, ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகள் போனாள். வருகிற வியாழன் வரை அவளுக்கு ஊன்றுகோல்தான்.

அவர்கள் போனதும் நானும் அண்ணனும் ஆலோசித்தோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு முஸ்லிமும் ஒரு பௌத்தரும் உட்கார்ந்து, கத்தோலிக்கர் எப்படி வணங்குவார்கள் என்று அரை மணித்தியாலம் முடிவெடுத்தோம். அண்ணன் தரையில் இறங்கி, பன்சலையில், அதாவது அவர்களுடைய விகாரையில், தான் இருக்கும் விதத்தைச் செய்து காட்டினார்: குதிக்காலில் குந்தி, முழங்கால் நிலத்தில் பட, கை கூப்பி. எனக்கு அவர் முன்னால் இருந்து காட்ட வெட்கம். மேசையில் இரண்டு விரலை மடக்கி, எங்கள் தொழுகையின் இருப்பைக் காட்டினேன்: முழங்கால் முழுதாக மடங்கி, உடம்பு குதிக்காலில் இருக்க.

"ஹரி, சரி, ரெண்டும் ஒண்டுதான்" என்றார் அண்ணன். "குதி வந்து குண்டியில முட்டோணும்."

ஆக, கால் முழுதாக மடங்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை. முழுதாக மடக்கினால் தொடைப் பட்டையின் கீழ் விளிம்பும் கெண்டைப் பட்டையின் மேல் விளிம்பும் முழங்காலுக்குப் பின்னால் ஒன்றோடொன்று மோதும். அதற்கு மேல் மடங்காது. எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தாளில் கண்டுபிடிக்க முடியாது. தாளில் இருந்த முழங்கால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதனால் அட்டையில் இரண்டு பட்டை வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் என்னுடைய காலிலேயே கட்டிப் பார்த்தேன். அஸர் தொழுகை முடிந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம். பாயில் இருந்து காலை மடக்கினேன். அட்டை தடுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். இரண்டு அட்டையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, என் சதையையும் கவ்விக்கொண்டு இறுகிவிட்டன. எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கட்டின முடிச்சு பின்பக்கம், கை எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கருவாட்டுச் சாக்கோடு உள்ளே வந்தார்.

"என்ன புள்ள இது, கோழி அடை காக்குற மாதிரி?"

"எழும்ப ஏலாம ஈக்கி."

அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "சம்பளத்துக்குக் கால் கட்டுற ஆள கேள்விப்பட்டிருக்கன். சும்மா தன்ட காலக் கட்டுற ஆள இப்பதான் பாக்குறன்." பிறகு கத்தியை எடுத்து வந்து அட்டையை வெட்டினார். வெட்டும்போது சிரிப்பில் கை ஆட, எனக்குப் பயத்தில் சிரிப்பு வர, இரண்டு பேரும் பாயில் சரிந்துவிட்டோம். ஆனால் அட்டை வெட்டுப்பட்ட இடம்தான் சரியான அளவு. தொடைப் பட்டையில் நாலு விரல், கெண்டைப் பட்டையில் மூன்று விரல். அதை அளந்து எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தோலை வெட்டினேன். நல்ல தடித்த தோல். வெட்ட மனம் வராது. விளிம்புகளை மடித்துத் தைத்து, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்து, சலாகையை அண்ணன் இரண்டு துளை நீட்டித் தந்ததும் எல்லாவற்றையும் பூட்டினேன். கலிப்பரை மேசையில் வைத்து மடக்கினால் சப்பாத்தின் குதி போய் தொடைப் பட்டையைத் தொட்டது. அண்ணன் அதைப் பத்துத் தரம் மடக்கி மடக்கிப் பார்த்தார். இவ்வளவு மடங்கும் கலிப்பரை இந்தக் கரையில் யாரும் செய்ததில்லை என்றார். நான் அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு பெருமை.

வியாழன் காலையில் தாயும் மகளும் வந்தார்கள். தாயின் கையில் ஒரு பை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைச் சட்டை. மடிப்பை நான் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். மூன்று விரல் மடிப்பு, உள்ளே இன்னொரு மடிப்பு. வளர்கிற பிள்ளை.

விறாந்தையில் அன்றைக்கு வேறு மூன்று பிள்ளைகளும் அவர்களுடைய ஆட்களும் காத்திருந்தார்கள். கலிப்பரைப் போட்டதும் 'டிக்' என்று எழுந்து நின்றாள். பிணைச்சல் முழங்காலுக்கு நேரே நின்றது. கழுதை வரை போய், அதன் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு நான் பாயை விரித்து, வளையத்தைத் தூக்கிவிட்டு, "இரு" என்று காட்டினேன். அவள் மெதுவாக இறங்கினாள். கால் மடங்கியது, மடங்கியது, முழுதாக மடங்கியது. குதிக்காலில் உட்கார்ந்துவிட்டாள். விறாந்தையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் தான் மட்டும் செய்த வேலைபோலத் தலை குனிந்து நன்றி சொன்னார்.

பிள்ளை கை தட்டவில்லை. உட்கார்ந்தபடியே அங்குமிங்கும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அன்ரி" என்றாள். "ஆனா இப்படி இருந்தா எனக்குப் பக்கத்துல இருக்கிறவட முழங்கை மட்டும்தான் தெரியும். ஃபாதர் என்னைத் தேடுவார்."

தாய் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ அக்கா, நாங்க இப்படி இருக்கிறல்ல."

"அப்ப எப்படி?" என்றேன். ஒரு கிழமை பிந்தி வந்த கேள்வி.

"டீச்சர் முழங்கால்ல விடுவாங்களே," என்றாள் பிள்ளை. "அப்படி. நேரா."

எனக்குக் காது சுட்டது. அந்த முழங்காலில் நிற்றல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பில், பதில் தெரிந்தும் வாய் திறக்காததற்காக ஒரு பாடநேரம் முழுக்க சீமெந்துத் தரையில் நின்றிருக்கிறேன். தொடையும் முதுகும் நேராக, முழங்காலுக்குக் கீழே மட்டும் பின்னால் மடிந்து. அதைத் தண்டனை என்று வைத்திருந்தேன். அப்படி நின்று ஒருவர் வணங்குவார் என்று என் மண்டையில் படவே இல்லை.

"நான் அதைத்தான் செய்யோணும்" என்றாள் அவள். "வகுப்புல எல்லாரையும் முழங்கால்ல விட்டா, டீச்சர் என்னைப் பாத்து, 'நீ கதிரையில இரும்மா' எண்டு சொல்லுவாங்க. கூடச் சத்தம் போட்டதே நான்தான். நாப்பது பேர் கீழ. நான் மட்டும் மேல. எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. கோயில்லயும் அப்படி இருக்க எனக்கு ஏலாது."

தாய்க்கு இது புதிய செய்தி. "நீ கூடச் சத்தம் போடுறனியா?" என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

சரி என்று நேராக நிறுத்திப் பார்த்தோம். உடனே தெரிந்தது நான் செய்த வேலையின் அழகு. அவளுடைய தொடைக்கு உடம்பை நேராகப் பிடித்து வைக்கப் பலம் போதாது. கொஞ்ச நேரத்தில் மெல்ல மெல்லப் பின்னால் சரிந்து குதிக்காலில் உட்கார்ந்துவிட்டாள். முன்பு இருந்த பட்டைகள் கால் முழுதாக மடங்கவிடாமல் தடுத்தனவே, அந்தத் தடுப்புத்தான் அவளை நேராகத் தாங்கியிருக்கும். அவளுக்குத் தேவையான ஒரே ஒரு தடுப்பை நான் அளந்து, என் காலைக் கட்டி, கத்தியால் விடுவிக்கப்பட்டு, நாலு விரலும் மூன்று விரலுமாக வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன்.

"நங்கி," என்றார் அண்ணன் மிகவும் மரியாதையாக, "நாங்க ஒண்டும் செய்யாம விட்டிருந்தா இண்டைக்கு வேல சரி."

படகுக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. புதுத் தோல் வெட்டிப் பட்டை செய்ய இரண்டு நாள் வேண்டும். இரண்டு நாள் கழித்து வர அவர்களால் முடியாது. சனிக்கிழமை கோயிலில் பழகுநாள். தாய் வெள்ளைச் சட்டையைத் திரும்பவும் பைக்குள் மடித்து வைத்தார். மகள் விறாந்தையில் கிடந்த கதிரையைப் பார்த்தாள். அவள் அதைப் பார்த்த பார்வைதான் என் வாயைத் திறந்தது.

"எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்க" என்றேன். இரண்டு அறைக்கும் விறாந்தைக்கும் கேட்கிற குரலில். அண்ணன் திரும்பிப் பார்த்தார். பட்டறையில் என் குரலை அவர் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை.

எனக்குத் தோல் வேலை வந்தது பிறகுதானே, முதலில் நான் துணிக்காரி. வெட்டின இடத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் இடைவெளியை அடைக்கலாம். முழங்காலுக்குப் பின்னால், இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு உருளைத் தலையணை வைத்தால் கால் அதற்கு மேல் மடங்காது. மெல்லிய தோலில் ஒரு பை தைத்து, உள்ளே கம்பளித் துண்டும் துணி வெட்டும் போட்டேன். அண்ணன் தும்புத்தடிப் பிடியால் இடித்து இடித்து இறுக்கினார். செங்கல் இரண்டின் மேல் ஒரு பலகை வைத்து, தாய் சொன்னபடி, பீடத்துக்கு முன்னால் முழங்கால் வைக்கும் படிபோல ஒன்று செய்தோம். சப்பாத்து பின்னால் தொங்கிக்கொள்ளும், அது வசதி.

முதல் தலையணை தடிப்பு. அவள் முன்னால் சரிந்து, அண்ணனுடைய காலில் விழுந்து கும்பிடுவதுபோல ஆகிவிட்டாள். "ஆசீர்வாதம், மகள்" என்றார் அவர். துணியை எடுத்தேன். இரண்டாவது மெல்லிசு, பின்னால் சரிந்தாள். மறுபடி கொஞ்சம் துணி. முன் பக்கத்துப் பக்கிள் ஒன்று சரியாக முழங்கால் எலும்பில் குத்தியது. அதைப் பிரித்துப் பக்கவாட்டுக்கு மாற்றித் தைத்தேன். விறாந்தையில் இருந்த எல்லாரும் இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். மதுரங்குளித் தகப்பன் ஒருவர், "இன்னும் ஒரு பிடி துணி" என்று எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை அவள் பலகையில் முழங்காலை வைத்தாள். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்தாள். பிறகு விட்டாள். நேராக நின்றாள். தலையணை பின்னால் கெட்டியாகத் தாங்கியது. அண்ணன் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். ஐம்பது தாண்டியும் அவள் சரியவில்லை.

அவளுக்குக் கண் பளபளத்தது. சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம், அவள் மட்டும் கீழே. அது அவளுக்குப் பிடிக்கவில்லைபோலும்.

"இங்க சத்தம் போட்டது யார்?" என்றாள் டீச்சர் குரலில்.

ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப முழு வகுப்பும் முழங்கால்ல."

முதலில் நண்டுக்காரப் பையன் இறங்கினான். அவனும் அன்றைக்கு வந்திருந்தான். அவனுடைய கலிப்பர் குட்டையானது, முழங்காலுக்குக் கீழேதான். பிறகு மற்றப் பிள்ளைகள். பிறகு அண்ணன், சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, முனகியபடி. மதுரங்குளித் தகப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். தாய் சிரித்துக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் இறங்கினார். நான் மட்டும் ஊசியோடு நின்றேன்.

"அன்ரி" என்றாள் அவள். "உங்களுக்கு வேற சொல்லோணுமா?"

நானும் இறங்கினேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவை. சீமெந்து அப்படியேதான் இருந்தது. அந்த நேரம் கழுதை விறாந்தையில் காலை வைத்துத் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தது. ஒருவரும் எழும்பி விரட்டவில்லை; டீச்சர் எழும்பச் சொல்லவில்லையே. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அண்ணன் சிரித்துச் சிரித்துப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அவள் மட்டும் சரியவில்லை.

படகைப் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குக் கூச்சம், போகவில்லை. ஆனால் காலையிலிருந்து அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு திரிந்தேன். தையல் விட்டால்? துணி இறங்கினால்? தேங்காய்ப்பாலை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னர் தாய் ஒரு படம் அனுப்பினார். கோயிலின் பின்பக்கமிருந்து எடுத்தது. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் பிள்ளைகள்; பெண் பிள்ளைகள் ஆறு பேர் வெள்ளைச் சட்டையில், பையன்கள் ஐந்து பேர் வெள்ளைச் சேட்டில். எல்லாத் தலையும் ஏறக்குறைய ஒரே உயரம். சட்டைகள் எல்லாம் நிலம் வரை நீளம், வளர்கிற பிள்ளைகள். எந்தச் சட்டைக்குக் கீழே என்னுடைய தலையணை இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு தலையைக் காட்டி இதுதான் என்றார். அது ஒரு பையன்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். ஒரு துளை வளர்ந்திருந்தாள். கலிப்பரைக் கழற்றித் தட்டினேன். மணல், இரண்டு புளியங்கொட்டை, ஒரு செபமாலை மணி உதிர்ந்தது. ஆனால் கலிப்பரின் முழங்கால் மூடியைப் பார்த்துப் பயந்துபோனேன். உரசி, நிறம் போய், சீமெந்துத் தூள் தையலுக்குள் ஏறியிருந்தது. பின்னால் தலையணை சப்பிப்போயிருந்தது. மூன்று மாதத்தில் இவ்வளவு தேய இந்தப் பிள்ளை எவ்வளவு கும்பிட்டிருக்க வேண்டும்.

"கோயில்ல அவ்வளவு நேரம் முழங்கால்ல இருப்பாவா?" என்று தாயிடம் கேட்டேன். ஒரே ஒரு முறைதான் எச்சில் விழுங்கினேன்.

"கோயில்ல எங்க அக்கா," என்றார் தாய் பெருமூச்சோடு. "வகுப்புல."

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டீச்சர் முதல்ல 'நீ இரும்மா' எண்டாங்க. நான் சொன்னன், இல்ல டீச்சர், நானும்தான் சத்தம் போட்டன், எனக்கும் இப்ப ஏலும் எண்டு. செஞ்சு காட்டினன். இப்ப எல்லாரோடயும் விடுறாங்க." விரல் மடித்து எண்ணினாள். "ஏழு தரம்."

அண்ணன் டிரில்லை நிறுத்திவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தாய் கண்டிக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பால் வாயை மூடினார். ஸ்குரூவைக் கழற்றி ஐந்தாம் துளையிலிருந்து ஆறாம் துளைக்கு மாற்றினேன். பிறகு தலையணையின் தையலைப் பிரித்து, புதிதாகத் துணி எடுத்தேன்.

"அன்ரி," என்றாள் அவள், மேசையில் சாய்ந்து, இரகசியம்போல. "இந்தத் தரம் முன்னுக்கும் கொஞ்சம் மெத்தையா வைங்க. எங்கட டீச்சர் லேசில எழும்பச் சொல்லமாட்டா."

இரண்டு பிடி கூடுதலாக வைத்தேன்.